காலிக் கையா, நிறைந்த கையா: லாக்டோஃபெரின் கேப்சூலோடு 90 நாட்கள்

பல்லின் அடியில் பிடித்த சீழுக்காக இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்தபோது பல் சரியாகிவிட்டது, வயிறு கெட்டுவிட்டது. காலையில் மூன்று முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. மாலையானால் வயிறு உப்பிக்கொண்டது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அஞ்சத்தக்க தொற்று எதுவும் இல்லை, சில வாரங்களில் தானாகவே சீராகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சில வாரங்களைப் பொறுத்திருந்தால் இந்த மதிப்புரைக்கே வேலை இருந்திருக்காது. பொறுக்க முடியாமல், ‘குடல் நலம், நோய் எதிர்ப்பாற்றல்’ என்று முகப்பில் அச்சிட்டிருந்த, லாக்டோஃபெரின் என்னும் பால் புரதக் கேப்சூல் டப்பா ஒன்றை வாங்கினேன். ஒன்று மூன்றாகி, 90 நாட்கள் விடாமல் சாப்பிட்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் இங்கே சுட்டும் முதன்மையான குறை அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதன்று. அதன்பின் இவ்வகைப் பொருளை விற்கும் வேறு சிலருடைய டப்பாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பெரும்பாலானவற்றில் அதே இடம் வெறுமையாகத்தான் இருந்தது.

டப்பாவிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, மூடிக்குக் கீழே ஒட்டிய அலுமினியத் தாள், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், 60 கேப்சூல்கள். முகப்பில் பெரிய எழுத்தில் ‘500 மி.கி.’ என்று இருக்கிறது. பின்புறம் திருப்பினால், அந்த 500 மி.கி. ஒரு வேளைக்கு உரியது என்று ஓரிடத்திலும், ஒரு வேளை என்றால் இரண்டு கேப்சூல்கள் என்று இன்னோர் இடத்திலும் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆக ஒரு கேப்சூலில் இருப்பது 250 மி.கி. இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் 60 கேப்சூல்கள் இரண்டு மாதத்துக்கு வரும் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்ளும்படி அடுக்கிவைத்த உண்மை அது. எனக்கும் முப்பதாம் நாள் டப்பா காலியானபோதுதான் கணக்குப் புரிந்தது. மற்றச் சேர்மானங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை: கேப்சூலின் கூடு தாவர செல்லுலோஸால் ஆனது, உள்ளே கொஞ்சம் நிரப்புப் பொருளும் பொடி கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்காவும் இருக்கின்றன. சர்க்கரை இல்லை, செயற்கை நிறம் இல்லை.

நிறம் இல்லை என்று எழுதியிருந்ததால்தான் கேப்சூலைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தது. இரண்டு கேப்சூல்களைப் பிரித்து வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டினேன். பால் பொடிபோல் வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். தட்டில் விழுந்ததோ காவிமண்ணை மிக மெலிதாகக் கரைத்துக் காயவைத்ததுபோன்ற இளஞ்சிவப்புப் பொடி. மணம் ஏறக்குறைய இல்லை. நாக்கில் வைத்தால் இலேசான உப்பும் அதன்பின் ஆணியை நக்கியதுபோன்ற ஓர் உலோகச் சுவையும் தெரிந்தன. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தப் பொருளின் முழுக் கதையும் இருக்கிறது.

லாக்டோஃபெரின் பாலில் இயற்கையாகவே உள்ள ஒரு புரதம். பசும்பாலில் சிவப்பு நிறப் புரதம் ஒன்று இருப்பதாக 1939-இல் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. 1960-இல் அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டு, இரும்பைப் பிடித்துவைக்கும் புரதம் என்பது உறுதியாயிற்று. பாலையும் இரும்பையும் குறிக்கும் லத்தீன் சொற்களைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். முதிர்ந்த தாய்ப்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 3 கிராம் வரை இருக்கிறது. பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் 5 கிராமையும் தாண்டும். பசும்பாலில் இது மிகக் குறைவு, லிட்டருக்குச் சுமார் 0.1 கிராம்தான். பாலோடு இது முடிவதுமில்லை: கண்ணீரில் இருக்கிறது, உமிழ்நீரில் இருக்கிறது, மூக்கின் சளியில் இருக்கிறது, தொற்று ஏற்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களும் இதைச் சிறு பொதிகளில் கட்டிச் சுமந்துகொண்டே வருகின்றன. உடலின் வாசல்கள் எங்கெல்லாம் ஈரமாகத் திறந்திருக்கின்றனவோ அங்கெல்லாம் இந்தப் புரதத்தைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது இயற்கை.

காவல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டப்பாவின் மீது எனக்குள்ள குறை அதைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். ஏறக்குறைய 700 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி மடிந்து இரண்டு மடல்களாக நிற்பதே ஒரு லாக்டோஃபெரின் மூலக்கூறு. ஒவ்வொரு மடலிலும் ஓர் இரும்பு அயனி உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. இரண்டு கை, கைக்கு ஓர் இரும்பு என்று வைத்துக்கொள்ளலாம். குடலில் தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு வளர்ந்து பெருக இரும்பு இன்றியமையாதது. காலிக் கையோடு வரும் லாக்டோஃபெரின் சுற்றிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு விடாமல் வைத்திருப்பதால் அவை பட்டினி கிடக்கின்றன. இரும்பை அதிகம் நாடாத, லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்களுக்கு அந்தத் தட்டுப்பாடு பெரிதாக உறைப்பதில்லை. இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் சுற்றுப்புறம் அமிலமானால் அது சீக்கிரமே இரும்பை விட்டுவிடும். லாக்டோஃபெரினோ அதைவிடக் கடுமையான அமிலத்திலும் பிடியைத் தளர்த்துவதில்லை. அழற்சி கண்ட திசுவில் அமிலத்தன்மை கூடும் என்பதை நினைத்தால் இந்தப் பிடிவாதத்தின் அருமை தெரியும்.

இரும்பைப் பறிப்பது மட்டுமே இதன் வேலை என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். இந்தப் புரதத்தின் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் மிகுதி. கிராம்-நெகட்டிவ் என்னும் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலோ எதிர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றோடு ஒட்டி வெளிச்சுவரைத் தளர்த்துவதும் லாக்டோஃபெரினின் வழக்கம். இதற்கு மேல் இன்னொரு வியப்பு: வயிற்றில் பெப்சின் நொதி இதைத் துண்டாடும்போது, 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டு பிறக்கிறது. 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்ட அந்தத் துண்டுக்கு லாக்டோஃபெரிசின் என்று பெயர். பாக்டீரியாவைக் கொல்வதில் அது தாய்ப் புரதத்தையே விஞ்சுகிறது.

இங்கே ஒரு விற்பனைச் சண்டையைப் பற்றியும் சொல்லிவிடலாம். வயிற்று அமிலத்தில் கரையாத பூச்சு கொண்ட மாத்திரைதான் சிறந்தது, மற்றதெல்லாம் வயிற்றிலேயே செரித்து வீணாகிவிடும் என்று சில நிறுவனங்கள் அடித்துச் சொல்கின்றன. நான் வாங்கியதில் அந்தப் பூச்சு இல்லை. பெரியவர்களின் வயிற்றைக் கடந்தும் பசுவின் லாக்டோஃபெரினில் கணிசமான பகுதி சிதையாமல் இறங்குவதை நேரடியாக அளந்து பார்த்திருக்கிறார்கள். சிதையும் பகுதியிலிருந்தும் மேலே சொன்ன லாக்டோஃபெரிசின் கிடைக்கிறது. பூச்சு இருந்தால் முழுப் புரதம் குடலுக்குப் போகும், இல்லாவிட்டால் முழுப் புரதமும் துண்டுகளும் கலந்து போகும். இரண்டில் எது மேல் என்பதை விளம்பர வாசகம் முடிவு செய்துவிட முடியாது. பூச்சு இல்லை என்பதற்காக இந்தப் பொருளுக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

விலை அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் தயாரிப்பு முறையை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.1 கிராம் என்றால், ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தாலும் ஒரு கிலோ லாக்டோஃபெரினுக்கு 10,000 லிட்டர் பசும்பால் வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலையோ, பாலைத் திரித்தபின் எஞ்சும் தெளிநீரையோ அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய நெடிய குழாய்களின் வழியே செலுத்துகிறார்கள். பாலில் உள்ள பிற புரதங்களில் பெரும்பாலானவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. அவை பிசினைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோய்விடும். நேர்மின்னேற்றம் கொண்ட லாக்டோஃபெரினும் லாக்டோபெராக்சிடேஸ் என்னும் நொதியும் மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்புக் கரைசலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி முதலில் நொதியையும் அடுத்து லாக்டோஃபெரினையும் கழுவி எடுக்கிறார்கள். உப்பை நீக்கி, வடிகட்டி, உறையவைத்தோ தூவியோ உலர்த்துகிறார்கள். பாக்டீரியாவின் சுவரில் ஒட்டவைக்கும் அதே மின்னேற்றமே பாலிலிருந்து இதைப் பிரித்தெடுக்கவும் உதவுகிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இப்போது அந்த இளஞ்சிவப்பு. லாக்டோஃபெரினின் கையில் இரும்பு ஏற ஏற அதன் சிவப்பு ஆழமாகிறது. இரும்பு முழுவதும் நீங்கியது ஏறக்குறைய நிறமற்றது. பாலிலிருந்து எடுக்கும்போது பசுவின் லாக்டோஃபெரினில் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு அளவுக்கே இரும்பு ஏறியிருக்கும், அதாவது பத்துக் கைகளில் எட்டு, ஒன்பது காலியாக இருக்கும். தட்டில் கண்ட மெல்லிய நிறம் அதற்குப் பொருந்தியே இருந்தது. சிக்கல் மூன்றாவது டப்பாவில் வந்தது. அதிலிருந்தும் இரண்டு கேப்சூல்களைப் பிரித்து, முதல் டப்பாவிலிருந்து எடுத்துவைத்திருந்த பொடிக்குப் பக்கத்தில் அதே தட்டில் கொட்டினேன். கண்ணாடி போடாமலே வேறுபாடு தெரிந்தது: பழைய பொடி காவி என்றால், புதியது காவித் துணியைப் பலமுறை துவைத்தபின் எஞ்சும் சாயம். தொகுதி எண்ணும் வேறாக இருந்தது.

பால் பதப்படுத்தும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். “நிறத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரும்பு குறைந்தாலும் வெளுக்கும், லாக்டோஃபெரினே குறைந்து நிரப்புப் பொருள் கூடினாலும் வெளுக்கும். எது என்று தெரிய இரும்பின் அளவைக் கேளுங்கள், அவர்களிடம் இருக்கும்” என்றார்.

கேட்டேன். முதல் கடிதத்துக்குப் பதிலாக நன்றி தெரிவிக்கும் நான்கு வரிகளும் வழுவழுப்பான ஒரு விளம்பர ஏடும் வந்தன. இரண்டாவது கடிதத்துக்கு, அந்தத் தொகுதிக்குரிய பரிசோதனைச் சான்றிதழ் வந்தது. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும், கேட்டாலும் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். ஈரப்பதம், சாம்பல், கிருமிகளின் எண்ணிக்கை, கன உலோகங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. தூய்மை 95 விழுக்காடு என்று இருந்தது. அடிக்குறிப்பைப் படித்தால் அது பொடியின் மொத்த எடையில் 95 அன்று, பொடியில் உள்ள புரதத்தில் 95. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும். இரும்புக்கு மட்டும் வரியே இல்லை.

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று தோன்றலாம். டப்பாவின் பக்கவாட்டில் இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் முதல் காரணமே, ‘தீய கிருமிகளிடமிருந்து இரும்பைப் பறிக்கிறது’ என்பதுதான். காலிக் கைதான் பறிக்கும். ஏற்கெனவே நிறைந்த கை எதைப் பறிக்கும்? அப்படியிருக்க, கை எந்த அளவுக்குக் காலியாக இருக்கிறது என்ற ஒரே எண்ணை அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள். அது கமுக்கமான எண்ணும் அன்று, அளக்க அரிய எண்ணும் அன்று. முழுவதும் இரும்பேறிய லாக்டோஃபெரினில் கிராமுக்கு ஏறத்தாழ 1.4 மி.கி. இரும்பு இருக்கும், கிலோவுக்குக் கணக்கிட்டால் 1,400 மி.கி. ஐரோப்பிய ஒன்றியம் பசுவின் லாக்டோஃபெரினைப் புதுவகை உணவுச் சேர்மானமாக 2012-இல் அனுமதித்தபோது வகுத்த தர வரையறையில், கிலோவுக்கு 350 மி.கி. என்று இரும்புக்கு உச்சவரம்பு வைத்தது; அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கைகளுக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது. ஆகவே ஒழுங்காகத் தயாரிக்கும் எந்த ஆலையும் இந்த எண்ணை அறிந்தே வைத்திருக்கும். மூலப்பொருளை வாங்கிக் கேப்சூலில் அடைத்து விற்பவர் அதை டப்பாவில் ஒரு வரியாகச் சேர்க்க மை செலவு மட்டுமே.

பயன்படுத்தும் முறை குறித்த வாசகத்திலும் ஒரு கவனக்குறைவு இருக்கிறது. விழுங்கச் சிரமப்படுபவர்கள் கேப்சூலைத் திறந்து ‘விருப்பமான பானத்தில் கலந்து பருகலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் முயன்று பார்த்தேன். குளிர்ந்த நீரில் தூவிய பொடி முதலில் மேலே மிதந்து, கரண்டியால் மெல்லச் சுழற்றியதும் ஒரு நிமிடத்தில் கரைந்து, அடியில் கொஞ்சம் நிரப்புப் பொருள் மட்டும் தங்க, விளிம்பில் சோப்பு நுரைபோல் நுரை கட்டிய இளஞ்சிவப்பு நீராயிற்று. கொதித்து இறக்கிய நீரில் தூவியதோ விழுந்த நொடியிலேயே சுருங்கித் திரிந்து, வெண்மையான இழைகளாகி, எவ்வளவு கலக்கியும் கலங்கலாகவே நின்றது. புரதம் வெந்துவிட்டது. இரும்பேறிய லாக்டோஃபெரின் 90 டிகிரி செல்சியஸ் வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். நமக்கு வேண்டிய காலிக் கை லாக்டோஃபெரினோ 65 டிகிரியை ஒட்டியே நிலைகுலையத் தொடங்கிவிடும். ‘சூடான பானம் தவிர்த்து’ என்ற மூன்று சொற்களைச் சேர்க்காததால், காலைப் பானத்தில் கலந்து குடிக்கும் ஒருவர் 30 நாட்களும் சிதைந்த புரதத்தையே குடித்து முடிக்க வாய்ப்பிருக்கிறது. நான் கேப்சூலாகவே, சாதாரண நீரோடு, காலை உணவுக்கு அரை மணி முன்னால் விழுங்கிவந்தேன்.

என் வயிற்றில் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். ஒரு நோட்டில் நாள்தோறும் மூன்று செய்திகளைக் குறித்துவந்தேன்: எத்தனை முறை கழிப்பறை, மாலையில் உப்புசம் எவ்வளவு, சளி காய்ச்சல் உண்டா. முதல் இரண்டு வாரத்தில் மாற்றமே இல்லை. மூன்றாம் வாரத்தின் நடுவில் காலைப் போக்கு மூன்றிலிருந்து இரண்டாகவும் பின்பு ஒன்றாகவும் குறைந்தது. உப்புசம் போக ஆறாம் வாரம் ஆயிற்று. 90 நாட்களில் ஒருமுறை சளி பிடித்து ஐந்து நாள் இருந்துவிட்டுப் போனது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் எனக்கு இந்த அளவில்தான் பிடிக்கும். கேப்சூலை நிறுத்தியபின் நான்கு வாரம் குறிப்பைத் தொடர்ந்தேன், எந்த மாற்றமும் இல்லை. பக்க விளைவு என்று சொல்லும்படியும் எதுவும் இல்லை.

மூன்றாம் வாரத்து முன்னேற்றத்தைக் கண்டு, மருந்து வேலை செய்கிறது என்று அன்று நான் மகிழ்ந்தது உண்மை. ஆனால் ஆன்டிபயாடிக்கால் குலைந்த குடல் சில வாரங்களில் தானே சீராகும் என்று மருத்துவர் சொன்னதும் அதே கணக்குதான். லாக்டோஃபெரின் அதை ஒரு வாரம் முன்னதாக்கியதா, ஒன்றுமே செய்யவில்லையா என்று என் நோட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை. ‘இருபது நாளில் வயிறு சரியாகிவிட்டது, ஐந்து நட்சத்திரம்’ என்று எழுதுபவர்கள் எல்லோரும் பொய்யர்கள் அல்லர். அவர்களுக்கும் என்னைப்போல் காத்திருந்தாலே சரியாகியிருக்கக்கூடிய வயிறாக இருந்திருக்கலாம்.

ஒரு மனிதரின் நோட்டு போதாது என்பதால்தான் பெரிய ஆய்வுகள் நடக்கின்றன, அவற்றின் கதை விளம்பர ஏட்டில் பாதிதான் இருக்கிறது. எனக்கு வந்த ஏட்டில் இத்தாலிய ஆய்வு ஒன்று பெருமையாக எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. 2009-இல் வெளியான அந்த ஆய்வில், மிகக் குறைந்த எடையோடு பிறந்த 472 குழந்தைகளில் பசுவின் லாக்டோஃபெரின் பெற்றவர்களில் 5.9 விழுக்காட்டினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் இரத்தத் தொற்று ஏற்பட்டது. வியப்பூட்டும் வேறுபாடுதான். ஏட்டில் இல்லாதது அதன் தொடர்ச்சி. பிரிட்டனில் 37 மருத்துவமனைகளில், 32 வாரத்துக்கு முன்பே பிறந்த 2,203 குழந்தைகளிடம் நடத்திய எல்ஃபின் ஆய்வின் முடிவு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: தொற்று ஏற்பட்டவர்கள் லாக்டோஃபெரின் பிரிவில் 29 விழுக்காடு, சர்க்கரை கொடுத்த பிரிவில் 31 விழுக்காடு, அதைப் பயன் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு வெளியான, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,542 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும், இறப்பையோ பெரும் நோய்த்தொல்லையையோ குறைத்ததாகக் காட்டவில்லை. சிறிய ஆய்வில் மின்னியது பெரிய ஆய்வில் மங்குவது மருத்துவத்தில் புதிதன்று. மின்னியதை மட்டும் அச்சிட்டு அனுப்புவதுதான் உறுத்துகிறது.

குறைமாதக் குழந்தைகளிடம் பலிக்காதது பெரியவர்களிடமும் பலிக்காது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. லாக்டோஃபெரினையும் பாலில் உள்ள இம்யூனோகுளோபுலின் என்னும் நோய் எதிர்ப்புப் புரதங்களையும் சேர்த்து நாளுக்கு 600 மி.கி. வீதம் 90 நாட்கள் கொடுத்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. அடிக்கடி சளி பிடிப்பவர்களுக்கு அது பிடிக்கும் முறைகள் குறைந்தன. எனினும் இரண்டு பொருள்கள் கலந்திருந்ததால், புகழில் லாக்டோஃபெரினின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. என் டப்பாவில் இம்யூனோகுளோபுலின் இல்லை.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது, டப்பாவின் முகப்பில் இல்லாத ஒரு பயன். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளுக்கு 100 மி.கி. வீதம் நாளுக்கு இருவேளை லாக்டோஃபெரின் கொடுத்த இத்தாலிய ஆய்வுகளில் ஹீமோகுளோபின் உயர்ந்தது, வழக்கமான இரும்பு மாத்திரையால் வரும் மலச்சிக்கலும் வயிற்றெரிச்சலும் குறைவாக இருந்தன. வேடிக்கை என்னவென்றால், இதில் கிடைக்கும் இரும்பு மிக அற்பம். வழக்கமான 200 மி.கி. ஃபெரஸ் சல்பேட் மாத்திரை ஒன்றில் சுமார் 65 மி.கி. இரும்பு உண்டு; 250 மி.கி. லாக்டோஃபெரின் கேப்சூலில், இரண்டு கையும் முழுக்க நிறைந்திருந்தாலும், 0.35 மி.கி.தான். இரும்பைச் சேர்த்துக் கொடுப்பதன்று, அழற்சியைத் தணித்து, உடலில் முடங்கிக் கிடக்கும் இரும்பை நடமாடவிடுவதே இதன் வழி என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இரும்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கத் தகுந்த செய்தி இது. தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதற்கான செய்தி அன்று.

பாதுகாப்பைப் பொறுத்தவரை பெரிய அச்சம் தேவையில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் பசுவின் லாக்டோஃபெரினை ஆராய்ந்து, முன்மொழியப்பட்ட அளவுகளில் பாதுகாப்பானது என்று கருத்துரைத்தது. ஆனால் ‘பாதுகாப்பானது’ என்ற சான்றை ‘பலனளிக்கும்’ என்ற சான்றாகப் படிக்கும் பழக்கம் விற்பவர்களிடமும் இருக்கிறது, வாங்குபவர்களிடமும் இருக்கிறது. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. என் டப்பாவில் அந்த எச்சரிக்கை, சேமிக்கும் முறைக்குக் கீழே கடைசி வரியாக ஒளிந்திருந்தது. லாக்டோஸ் செரிக்காதவர்களின் நிலை வேறு. சுத்திகரித்த லாக்டோஃபெரினில் பால் சர்க்கரை மிகச் சொற்பம் என்பதால் அவர்களுக்குப் பொதுவாகத் தொல்லை தராது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், விடாத வயிற்றுப்போக்கு இவற்றில் எது இருந்தாலும் கேப்சூல் வாங்குவது காலத்தை வீணாக்கும் செயல். குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் மலத்தில் லாக்டோஃபெரினை அளப்பதும் உண்டு. அங்கே குவிந்த வெள்ளை அணுக்கள் அதைக் கொட்டியிருக்கும். அந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் இந்தக் கேப்சூல் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடும் தொற்றில் விழுந்தவர்களுக்கு வீட்டிலிருந்து இதை எடுத்துக்கொண்டு ஓடுவதும் கூடாது: தொற்றால் உறுப்புகளே செயலிழக்கும் தீவிர செப்சிஸ் நிலையில் இருந்த நோயாளிகளிடம், பூஞ்சையில் வளர்த்தெடுத்த மனித லாக்டோஃபெரினை வைத்து நடந்த ஓர் ஆய்வை 2012-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுவதாகத் தெரிந்ததால். அது வேறு தயாரிப்பு, வேறு அளவு, வேறு நிலையில் இருந்த நோயாளிகள். இருந்தாலும் ‘பாலிலிருந்து வருவதுதானே’ என்ற அலட்சியத்துக்கு அந்த ஆய்வு ஒரு கடிவாளம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: புரதத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், டப்பாவுக்கு இரண்டு. கேப்சூலின் தரம், அடைப்பு, ஈரம் புகாத பொதி எல்லாம் நன்று. அளவை எழுதிய விதம், சூடு பற்றிய மௌனம், ஒவ்வாமை எச்சரிக்கையை ஒளித்த இடம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இரும்பு எண் ஆகியவையே மற்ற மூன்றைத் தின்றுவிட்டன. ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் வயிறு குலைந்து, கையில் பணமும் மனத்தில் அவசரமும் உள்ளவர் ஒரு மாதம் முயன்று பார்ப்பதில் தீங்கில்லை. நோய் எதிர்ப்பாற்றல் பெருகும் என்று நம்பி ஆண்டு முழுவதும் வாங்கிக் குவிப்பதற்கு நான் ஆள் இல்லை.

நான்காவது டப்பா வாங்கவில்லை. வெளுத்த பொடியையும் பழைய பொடியையும் தனித்தனிச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, தொகுதி எண் எழுதிய சீட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டின் படத்தையும் இணைத்து, கிலோவுக்கு எத்தனை மி.கி. இரும்பு என்ற ஒரே கேள்வியோடு மூன்றாவது கடிதம் போய்ப் பத்து நாளாகிறது. எண் வந்தால் இந்த மதிப்புரையிலேயே, தொகுதி எண்ணோடு சேர்த்து எழுதுகிறேன்.